ஏறச் சொன்ன குரல்

மே 6, 2020, புதன்

என் வேலைக்குப் பெயர் ஒப்பந்த சுகாதார ஆய்வாளர். செய்வது தொண்டை கிழியக் கத்துவது.

தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கும் இடம். நெடுஞ்சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்பு, இந்தப் பக்கம் தார்ப்பாய்ப் பந்தல், பந்தலுக்குள் இரண்டு மேசை. ஊருக்கு நடந்து போகிறவர்களை நிறுத்தி நெற்றிக்கு நேரே கருவியைப் பிடிக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பாஸ் கேட்க வேண்டும். யாரிடமும் பாஸ் இல்லை. பாஸ் வேண்டுமென்றால் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யக் கடை திறந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவன் செருப்பில்லாமல் ஒரு பகல் இந்த ரோட்டில் நடக்கட்டும்.

அப்பா கரக்பூரில் ரயில்வே கேங்மேன். எட்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். இந்தி சரளமாக வரும். ஒடியா அரைகுறை. இந்தச் சோதனைச் சாவடியில் வேறு யாருக்கும் இரண்டும் தெரியாது. அதனால் மைக் என் கையில். ஏட்டு முனிரத்தினம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை.

"இன்னா இந்தி, கச்சேரிய ஆரம்பி. கூட்டம் சேந்துடுச்சு பாரு."

கவச உடைக்குள் வேர்வை ஓடுகிறது. வெளியே கண் மட்டும்தான் தெரியும், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். ஆனால் நான் இந்தியில் பேச ஆரம்பித்ததும் தூரத்தில் மரத்தடியில் கிடப்பவர்கள்கூட எழுந்து வருகிறார்கள். இன்று ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டார். இந்தப் பக்கம் வந்த பிறகு தன் பேச்சை இப்போதுதான் கேட்கிறாராம். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் அம்மா கொல்லைப் பக்கம் வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறாள். "அப்பிடியே பின்னாடி வா. எதையும் தொடாத. கதவையும் தொடாத."

மே 7, வியாழன்

டாஸ்மாக் திறந்துவிட்டார்கள். அந்த வரிசையில் நிற்பவன் நெற்றிக்கு நேரே யாரும் எதையும் பிடிக்கவில்லை.

மே 9, சனி

காலையில் ஒரு கூட்டம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒடியாவில் ஊரைக் கேட்டேன். ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்துக்காரர்கள். ஆண், பெண், இடுப்பில் குழந்தைகள். தலையில் மூட்டை, மூட்டைமேல் அலுமினியக் குண்டான். முழங்கால் வரைக்கும் செம்மண். செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. இங்கே சூளையை சேம்பர் என்பார்கள். மோகனரங்கம் என்பவரின் சேம்பரிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குத் தலைவன் ஒருவனும் இல்லை. பேசியதெல்லாம் பிலாசினி என்ற பெண்தான். முப்பது வயதிருக்கும். குரல் கரகரவென்று இருந்தது. "மழைக்கு முன்னால் கல் அறுத்து முடி என்கிறான் முதலாளி. மாஸ்க்கும் இல்லை, அரிசியும் இல்லை. நாங்கள் ஊருக்குப் போகிறோம்," என்றாள்.

வெயிலில் வந்தவர்களின் நெற்றியில் கருவி எப்போதும் கூடத்தான் காட்டும். அதனால் பந்தலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பிறகு பார்ப்போம். அப்போதும் இறங்காவிட்டால் மணிக்கட்டில் பார்ப்போம். மணிக்கட்டில் குறைவாகத்தான் காட்டும். இது எங்களுக்குள் இருக்கும் வழக்கம். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அன்றைய வரிசை சீக்கிரம் நகர வேண்டுமென்றால் மணிக்கட்டு.

எல்லோருக்கும் இறங்கிவிட்டது. பிலாசினியின் தம்பி மனைவி குந்தலாவுக்கு மட்டும் இறங்கவில்லை. சின்னப் பெண். மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் நூற்றொன்றுக்கு மேல் காட்டியது. பிலாசினி என்னிடம் ஏதோ சொன்னாள். இந்தியில் ஆரம்பித்து ஒடியாவுக்குப் போய்விட்டாள். சத்தமாக இருந்தது, சரியாகக் கேட்கவில்லை.

என் மேலதிகாரி வேதநாயகம் சார் வந்தார். "இந்தப் பொண்ண நிறுத்துனா மொத்தக் கூட்டமும் இங்கயே ஒக்காந்துக்கும் தம்பி. சாயங்காலம் மாவட்டத்துலருந்து வராங்க. ரோடு கிளீனா இருக்கணும். கையில பாரு."

கையில் பார்த்தேன். தொண்ணூற்றேழு. சத்தமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

ஒரு தனியார் கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று வேதநாயகம் சார் சொன்னார். சொன்னேன். "சகோதர சகோதரிகளே, இந்தப் பேருந்து உங்களை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போகும். உங்களுக்காகச் சிறப்பு ரயில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தள்ளாமல் ஏறுங்கள்."

அவர்கள் நகரவில்லை. பிலாசினி என் கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, "உண்மையா?" என்று கேட்டாள்.

"ஊருக்குப் போகப்போகிறாய், ஏறு," என்றேன்.

ஏறினார்கள். குந்தலாவை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். முன்சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். யார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், ரோடு சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

மே 10, ஞாயிறு

விடுப்பு. துணி துவைத்தேன். வேதநாயகம் சார் போன் செய்தார். என் பணி நீட்டிப்புக்குப் பரிந்துரை எழுதப்போகிறாராம். "உன் வாய் இல்லன்னா நேத்து கலவரமாயிருக்கும் தம்பி." அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். பசிக்கவில்லை.

மே 13, புதன்

முனிரத்தினம் டீ குடித்துக்கொண்டே சொன்னான். "சேம்பர் பஸ்ஸுக்கு டாட்டா காமிச்சியே, அதுங்க அன்னிக்கு மத்தியானமே கல் அறுக்கக் குந்திடுச்சாம். மோகனரங்கம் குஷியாக்கீறாரு. உனக்கு பிரியாணி வாங்கித் தரணும்னாரு."

அந்தப் பேருந்து ரயில் நிலையத்துக்குப் போகவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அவனிடம் கோபப்பட்டேன். "மனுசங்கள ஆடு மாடு மாதிரி திருப்பி ஓட்டிட்டீங்களே ஏட்டய்யா."

"நானா ஓட்டுனேன்? எனக்கு இந்தியே தெரியாதுப்பா."

சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மே 16, சனி

சேம்பர்களில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க உத்தரவு. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, வேதநாயகம் சார், சளி மாதிரி எடுக்க லேப் ஆள், மொழிபெயர்க்க நான். இன்று கவச உடை இல்லை, முகக்கவசம் மட்டும். முதலில் போனதே மோகனரங்கம் சேம்பருக்கு.

வாசலில் இளநீர் வெட்டி வைத்திருந்தார் முதலாளி. அதிகாரி குடித்தார். நானும் குடித்தேன்.

வேலையாட்களின் குடிசைகள் வரிசையாக இருந்தன. நிமிர்ந்து உள்ளே நுழைய முடியாத உயரம். எல்லோரையும் வெளியே உட்கார வைத்திருந்தார்கள். முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்திலேயே நின்றார்கள். மேஸ்திரி அன்று பேருந்தின் முன்சீட்டில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரன்.

அதிகாரி என்னிடம், "சாப்பாடு கெடைக்குதா, கொறை எதுனா கீதான்னு கேளுப்பா," என்றார்.

கேட்டேன். நான் வாயைத் திறந்து முதல் வார்த்தை சொன்னதுமே பிலாசினி தலையைத் தூக்கினாள். பிறகு எழுந்து நின்று ரொம்ப நேரம் பேசினாள். கையை நீட்டி நீட்டிப் பேசினாள். உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நான் சுருக்கிச் சொன்னேன். "அரிசி பத்தலையாம் சார். ஊர் ஞாபகமா இருக்காம்."

"அவ்ளோ நேரம் பேசிச்சு. இவ்ளோதானா?"

"சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது சார்."

"சரி, அரிசி குடுக்கச் சொல்லிடலாம்." முதலாளி உடனே தலையாட்டினார்.

பிலாசினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியது எவ்வளவு நீளம், நான் பேசியது எவ்வளவு நீளம் என்று பார்க்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குந்தலா குடிசைக்குள் படுத்திருந்தாள். லேப் ஆள் குனிந்து உள்ளே போய் மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்துக்கொண்டு வந்தான். "நாத்தம் தாங்கலப்பா உள்ள," என்றான்.

மே 17, ஞாயிறு

தூங்கவில்லை. நேற்று பிலாசினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இங்கேயாவது.

"அந்த வெள்ளை உடுப்புக்குள் இருந்தவன் நீதான். முகம் தெரியாது, குரல் தெரிகிறது. ஸ்டேஷன் என்றாய். உண்மையா என்று உன்னைத்தான் கேட்டேன். இங்கே கொண்டுவந்து இறக்கியதும் மேஸ்திரி ஆண்களை அடித்தான். ராத்திரியில் வெளிக்கதவைப் பூட்டுகிறார்கள். என் தம்பி மனைவிக்குக் காய்ச்சல் விடவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல். இந்த அதிகாரியிடம் சொல்."

இதைத்தான் அரிசி பத்தவில்லை என்றேன். முதலாளி நின்றார், வேதநாயகம் சார் என்னைப் பார்த்தார் என்றெல்லாம் எழுதலாம். அவர் பார்த்தார்தான். பார்வைக்கா பயந்தேன்? அடுத்த வாரம் கையெழுத்தாகப்போகும் பணி நீட்டிப்பு உத்தரவுக்குப் பயந்தேன்.

ஒன்பதாம் தேதி எழுதியதும் பொய். சரியாகக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நன்றாகவே கேட்டது. கரக்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து வீடு ஒடியாக்காரர்கள், அவர்கள் பிள்ளைகளோடுதான் வளர்ந்தேன். பிலாசினி சொன்னது இது: "வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. எல்லோர் முன்னாலும் இந்தியில் சொல்ல அவளுக்கு வெட்கம், அதனால் நம் பேச்சில் சொல்கிறேன்."

நம் பேச்சு என்றாள். என்னையும் சேர்த்து.

சாவடியில் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. காய்ச்சல், இருமல், சளி, மூச்சுத்திணறல். நான்கிலும் கர்ப்பம் கலைந்தது வராது. வராததை எதற்கு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் நெற்றியை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தபோது அந்தக் கை கொதித்தது. கருவி தொண்ணூற்றேழு என்றது. என் விரலுக்குத் தெரியாதா?

இன்னொன்று. பதின்மூன்றாம் தேதி, பேருந்து எங்கே போகிறது என்று இப்போதுதான் தெரிகிறது என்று எழுதினேன். மைக்கை என் கையில் கொடுக்கும்போது வேதநாயகம் சார் சொன்னது முழுதாக இதுதான்: "சேம்பருக்குத்தான் போவுது. ஸ்டேஷன்னு சொல்லு, இல்லன்னா ஏற மாட்டாங்க."

மே 19, செவ்வாய்

சேம்பர் மாதிரிகளின் முடிவு வந்தது. எல்லோருக்கும் நெகட்டிவ். குந்தலாவுக்கும்.

"பாத்தியா, ஒண்ணும் இல்ல," என்றார் வேதநாயகம் சார். அவர் முகத்தில் நிஜமான நிம்மதி இருந்தது. கெட்டவர் இல்லை. மகளுக்கு வரும் மாதம் பிரசவம், அந்தப் பெண்ணிடம் தினமும் வீடியோ காலில் பேசி, மாடி ஏறாதே, குனியாதே என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மத்தியானம் சாவடிக்குப் பின்னால் போய்த் தொழிலாளர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். செங்கல் சேம்பர் ஒன்றில் ஆட்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

"எந்த சேம்பர் சார்? நீங்க யார் பேசுறீங்க?"

வைத்துவிட்டேன்.

தங்கச்சிக்கு ஆன்லைன் வகுப்புக்கு என் போன்தான். அவளிடம் கொடுத்து, அந்த எண்ணிலிருந்து திரும்ப அழைத்தால் எடுக்காதே என்று சொன்னேன். "யாருண்ணா அது? பொண்ணா?" என்று சிரித்தாள்.

மே 20, புதன்

அந்த எண் இரண்டு முறை அழைத்ததாம். தங்கச்சி எடுக்கவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

மே 22, வெள்ளி

சேம்பரில் பூட்டு போட்ட கதவை யாரோ வெளியிலிருந்து படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் இல்லை. கோட்டாட்சியர் அம்மா நேரில் விசாரிக்க வந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டதும் வழக்கம்போல என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

வழியில் வேதநாயகம் சார் காதருகே, "பாத்து தம்பி. உன் எக்ஸ்டென்ஷன் ஃபைல் அந்தம்மா ஆபீசுக்குத்தான் போயிருக்கு," என்றார்.

கோட்டாட்சியர் குள்ளமான, வேகமான பெண்மணி. இளநீரை வாங்கவில்லை. இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். முதலாளி முந்திக்கொண்டார்.

"அவங்களாத்தான் திரும்பி வந்தாங்க மேடம். பார்டர்ல செக் பண்ணி, எல்லாரும் ஃபிட்டுன்னு இவங்களே அனுப்பி வச்சாங்க. வேணும்னா கேளுங்க, இவரும் இருந்தாரு." என்னைக் காட்டினார். சிரித்துக்கொண்டே காட்டினார்.

"நீங்க வெளிய நில்லுங்க. மேஸ்திரியும்." அவர்கள் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். "இவங்களா வந்தாங்களா, கூட்டிட்டு வந்தாங்களா, அதான் எனக்குத் தெரியணும். கூட்டிட்டு வந்ததுன்னா இன்னைக்கே விடுவிச்சு ஊருக்கு அனுப்பலாம். தானா வந்ததுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பஸ்ல ஏறச் சொன்னது யாருன்னு கேளு."

கேட்டேன். பிலாசினி மெலிந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னாள்: "எதற்குக் கேட்கிறாய்? நான் ஒன்று சொல்வேன், நீ வேறு ஒன்று சொல்வாய். நீயே சொல்லிக்கொள்."

வேதநாயகம் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"நான்தான் மேடம்."

"நீ பேசாதப்பா. யாருன்னு அவங்க சொல்றத மட்டும் சொல்லு."

"அதத்தான் சொல்றேன். நான்தான் ஏறச் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் போவுதுன்னு மைக்ல சொன்னேன். சேம்பருக்குப் போவுதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அவங்க உண்மையான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

கோட்டாட்சியர் பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை. பிலாசினி என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். நான் தமிழில் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த அம்மாவின் முகம். அது மாறியதைப் பார்த்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள ஒரு பொண்ணு இருக்கு மேடம். குந்தலான்னு பேரு. கர்ப்பம் கலைஞ்சு ரத்தம் நிக்கல. எங்கிட்ட சாவடியிலேயே சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

"கொரோனா நெகட்டிவ் மேடம்," என்றார் வேதநாயகம் சார்.

"வாய மூடுங்க சார்," என்றார் அவர். பிறகு தானே எழுந்து குடிசை பக்கம் ஓடினார். குனிந்து உள்ளே போனவர், "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க," என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார்.

ஜீப்பில் திரும்பினோம். சாவடி வந்ததும் வேதநாயகம் சார் இறங்கி, "என் பேரைச் சொல்லாம விட்டியே," என்றார். அதற்கு நன்றி சொன்னாரா, கேலி செய்தாரா தெரியவில்லை. மைக்ல சொன்னேன் என்றேன், சொல்லச் சொன்னது யார் என்று அந்த அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதும் முழுசாகச் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

மே 23, சனி

காலையில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். இந்த முறை வேதநாயகம் சார் சொன்னதையும் எழுதினேன். சாவடிக்கு இனி வர வேண்டாம் என்றார்கள். கூடவே, அரசு மருத்துவமனையில் நேற்றுச் சேர்த்த பெண்ணுக்கு மொழிபெயர்க்க ஆளில்லை, மாற்று ஆள் கிடைக்கும்வரை போய் இரு என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

மற்றவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறார்கள். ரயில் வரும் வாரம். பிலாசினி மட்டும் குந்தலாவோடு பெண்கள் வார்டில் இருந்தாள்.

குந்தலாவின் கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. முகம் வெளிறியிருந்தாலும் கண் திறந்திருந்தது. நேற்று சாயங்காலமே கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று நர்ஸ் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. உடனே அதைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நிம்மதி எனக்குச் சேர வேண்டியதில்லை.

டாக்டரம்மா வந்தார். "எத்தன மாசம், எப்பலருந்து ரத்தம் போவுது, இதுக்கு முன்னாடி குழந்தை இருக்கா, எல்லாம் கேளுப்பா."

ஒடியாவில் கேட்டேன். இந்தியில் கேட்டால் அவள் வெட்கப்படுவாள் என்று.

என் குரலைக் கேட்டதும் குந்தலா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேருந்தில் ஏற்றியபோது அவள் கண் மூடியிருந்தது. காது திறந்தே இருந்திருக்கிறது.

மறுபடி கேட்டேன்.

பிலாசினி கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். திட்டவில்லை. வேறு எதையோ யோசிக்கிறவள்போல, "இங்கே உன்னைத் தவிர வேறு ஆள் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்படியென்றால் வேண்டாம்."

டாக்டரம்மா, "என்ன சொல்றாங்க?" என்றார்.

"நான் சொல்ல வேண்டாங்கிறாங்க டாக்டர்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது குந்தலா முழங்கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். மூன்று விரல்களைக் காட்டினாள். மாதம். பிறகு தலையில் கல் சுமப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டு, வயிற்றிலிருந்து கீழே விழுவதுபோல ஒரு கையைச் சட்டென்று இறக்கினாள். அதன்பின் விரல்களைக் கட்டில்மீது நடக்க வைத்தாள். நடந்தன, நடந்தன, நடந்துகொண்டே இருந்தன.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். தன் விரலைக் காட்டி ஏதோ கேட்டார். குந்தலா இல்லை என்று தலையாட்டினாள். இவர் இன்னொன்று காட்டினார். அவள் ஆமாம் என்றாள்.

"எனக்குப் புரியுதுப்பா. நீ வெளிய இரு," என்றார் டாக்டர், என் பக்கம் திரும்பாமல்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ரொம்ப நேரம் அவர்கள் மூவரும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை.